ஏழு பற்றுச்சீட்டு

"தம்பி, நான் 50 யூரோதான் குடுத்தனான். எனக்கு 7 பற்றுச்சீட்டு வந்திருக்கு. நான் 350 யூரோ குடுத்ததெண்டு ஆர் எழுதினது? இல்லாட்டி இனித்தான் குடுக்க வேணுமோ?"

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். மத்தியானச் சேர்விசுக்கும் இரவுச் சேர்விசுக்கும் இடையிலை எங்களுக்கு மூண்டு மணித்தியாலம் ஓய்வு. மற்றப் பெடியள் பின்னறையிலை கிடைச்ச இடத்திலை சரிஞ்சு கிடக்கிறாங்கள். நான் ஒரு பழைய லப்ரொப்போடை மூலைக்குள்ளை இருக்கிறன். போனிலை கதைச்சவர் எங்கடை ஊர்ச் சங்கத்தின்ரை மூத்த உறுப்பினர், இளைப்பாறின வாத்தியார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்க முதல் அடுத்த அழைப்பு வந்திட்டுது. பிறகு இன்னொண்டு. ஆறு மணிக்கு நான் வெங்காயம் வெட்டத் தொடங்கேக்கை 11 பேர் எடுத்துக் கேட்டு முடிச்சிட்டினம்.

நடந்ததை முதலிலை இருந்து சொல்லுறன். கொஞ்சம் கொம்பியூட்டர் கதை வரும். ஓடிப்போகாதேங்கோ, குசினியை வைச்சு விளங்கப்படுத்துறன். எனக்கு வேறை உவமானமும் தெரியாது.

நான் யாழ்ப்பாணம் கம்பஸிலை விஞ்ஞான பீடத்திலை கணினி படிச்சனான். படிச்சனான் எண்டு சொல்லுறது கூட. இரண்டாம் வருசத்தோடை நிண்டுபோச்சுது. 2006 ஆவணியிலை ஏ9 பாதையைப் பூட்டினாங்கள். அதுக்குப் பிறகு ஊரிலை ஆர் எப்ப காணாமல் போவினம் எண்டு தெரியாமல் இருந்த காலம். அம்மா தாலிக்கொடியை அடகு வைச்சு என்னை அனுப்பிவிட்டா. 2007இலை பாரிசுக்கு வந்து சேர்ந்தன். அண்டையிலை இருந்து இண்டைவரை ரெஸ்ரோறன்ற்தான். முதல் நாலு வருசம் கோப்பை கழுவினன். பிறகு மரக்கறி வெட்டினன். இப்ப அடுப்பிலை நிக்கிறன். 2020 பங்குனியிலை கொரோனாவுக்கு ரெஸ்ரோறன்ற் எல்லாம் பூட்டேக்கை, 14 வருசத்துக்குப் பிறகு கையிலை நேரம் கிடைச்சுது. அப்பதான் பைத்தன் படிக்கத் தொடங்கினன். கம்பஸ் முடிக்காதவன் எண்ட சொல்லு மனதுக்குள்ளை ஒரு மூலையிலை கிடந்து உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

எங்கடை சங்கத்திலை 63 பேர். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை ரியூசனுக்கு மாசம் மாசம் காசு சேர்க்கிறம். செயலாளர் அண்ணை காபன் தாள் வைச்சுக் கையாலைதான் பற்றுச்சீட்டு எழுதுவார். பாவம், அவருக்கும் கண் பார்வை குறைஞ்சிட்டுது. காசு சேர்க்கிற விசயத்திலை எங்கடை சனம் எவ்வளவு பட்டிருக்குது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டு ஒரு மாசம் பிந்தினால் கதை தொடங்கியிடும். "அண்ணை, நான் ஒரு புரோகிராம் எழுதித்தாறன், பட்டனை அமத்தினால் எல்லாருக்கும் மெயிலிலை போகும்" எண்டு கூட்டத்திலை எழும்பிச் சொன்னன். எல்லாரும் கை தட்டினவை. அதுதான் வினை.

இதுக்கெண்டு ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடவிட்டால் சங்கத்துக்குக் கட்டாது. மாசத்திலை ஒருநாள் வேலை. அதாலை அமேசனின்ரை லம்டாவைப் பிடிச்சன். 2014இலை வந்த சாமான் அது. நீங்கள் ஒரு சின்ன வேலையை, அதாவது ஒரு ஃபங்ஷனை எழுதி அங்கை வைச்சிட்டு வரலாம். ஆரும் கூப்பிடாட்டி அது ஓடாது, ஓடினதுக்கு மட்டும் மில்லிசெக்கன் கணக்கிலை காசு. மாசம் 10 லட்சம் அழைப்பு இனாம். 63 பேர் இருக்கிற சங்கத்துக்கு அதுக்கு மேலை என்ன வேணும்? பாரிசிலையே 2017இலை இருந்து அவையளின்ரை டேற்றா சென்ரர் இருக்கிறதாலை ஃபங்ஷன் எனக்குப் பக்கத்திலைதான் எங்கையோ கிடந்து ஓடுது.

அங்கை வைச்ச ஃபங்ஷனை என்ரை லப்ரொப்பிலை இருக்கிற புரோகிராம் எப்பிடிக் கூப்பிடுறது? அதுக்குத்தான் கிளையன்ற். பைத்தனிலை பொட்டோ3 எண்டு ஒரு நூலகம் இருக்கு. அமேசன் ஆத்திலை நீந்திற ஓங்கில் மீனின்ரை பேர்தான் பொட்டோ. அதிட்டை 'எனக்கொரு லம்டா கிளையன்ற் தா' எண்டு கேட்டால் தரும். அந்தக் கிளையன்றிட்டை இன்வோக் எண்டு ஒரு கட்டளை இருக்குது. ஃபங்ஷனின்ரை பேர், எந்த மாதிரிக் கூப்பிடுறது, உள்ளுக்கு என்ன தகவல் குடுக்கிறது, இந்த மூண்டையும் சொன்னால் மிச்சத்தை அது பாக்கும். உங்கடை சாவியாலை கையொப்பம் வைச்சு, இணையத்தாலை அனுப்பி, பதிலை வாங்கிக்கொண்டு வந்து தரும். அந்தச் சாவியும் இந்த ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட மட்டும் உரிமை உள்ள சாவியாச் செய்து வைச்சன். லப்ரொப் துலைஞ்சாலும் வீடு துலையாது.

கூப்பிடுறதிலை இரண்டு விதம். எங்கடை குசினியை யோசிச்சுப் பாருங்கோ. சேர்வர் பெடியன் ஓடர்த் துண்டைக் கொண்டுவந்து ஜன்னலிலை வைச்சிட்டு, சாப்பாடு வாறவரைக்கும் அங்கையே நிண்டால் அது ஒரு விதம். பதிலோடைதான் திரும்பிப் போவான். துண்டைக் கம்பியிலை குத்திப்போட்டு, செஃப் "சரி" எண்டு சொன்ன உடனை அடுத்த மேசைக்கு ஓடினால் மற்ற விதம். லம்டாவிலை முதலாவதுக்கு 200 எண்டு பதில் வரும். இரண்டாவதுக்கு 202 வரும். 202 எண்டால் 'துண்டு கிடைச்சுது' எண்டு மட்டும்தான் அர்த்தம். சமைச்சதெண்டு அர்த்தமில்லை.

நான் முதலாவது விதத்தை எடுத்தன். நிண்டு பதிலை வாங்கிக்கொண்டு போறதுதானே நம்பிக்கை எண்டு நினைச்சன். ஃபங்ஷன் முதலிலை 63 பீ.டி.எவ்வையும் செய்து முடிச்சிட்டுப் பிறகு மெயில் அனுப்பும். முதல் தரம் அமத்தினன். மூண்டு செக்கனிலை 200 வந்திட்டுது. கம்பஸிலை படிச்ச காலத்திலை இருந்து 200 எண்டால் எல்லாம் சரி எண்டுதான் மண்டைக்குள்ளை இருக்குது. செயலாளர் அண்ணைக்கு போன் எடுத்து "அண்ணை, போட்டுது" எண்டு பெருமையாச் சொன்னன். இரண்டு நாளாலை அவர் எடுத்தார். "தம்பி, ஒருத்தருக்கும் வரேல்லையாமே."

பதிலைத் திரும்ப எடுத்துப் பாத்தன். 200க்குப் பக்கத்திலை 'ஃபங்ஷன் எரர்' எண்டு இன்னொரு வரி கிடக்குது. நான் அதைப் பாக்கவே இல்லை. உள்ளுக்குப் பிரிச்சு வாசிச்சால், 3 செக்கனிலை நேரம் முடிஞ்சு வேலை இடையிலை நிண்டுபோச்சுது எண்டு எழுதியிருக்கு. புதுசா ஒரு ஃபங்ஷன் செய்தால் அதுக்குக் குடுக்கிற நேரம் வெறும் 3 செக்கன். நாங்கள்தான் கூட்டவேணும், 15 நிமிசம் வரைக்கும் கூட்டலாம். நான் கூட்டேல்லை. அந்த 200 என்ன சொன்னது எண்டால், 'உன்ரை ஃபங்ஷனைக் கூப்பிட்டன், அது ஒரு பதில் தந்தது, இந்தா' எண்டது மட்டும்தான். பதில் நல்லதோ கெட்டதோ எண்டது கடித உறைக்குள்ளை.

இதை வாசிக்கேக்கை எனக்கு 2008 ஞாபகம் வந்தது. அகதி வழக்குப் போட்டுட்டுக் காத்திருந்த காலம். ஒரு அறைக்குள்ளை ஏழு பேர். ஒருநாள் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. அறையிலை எனக்கு முதல் வந்தவைக்கே இன்னும் கடிதம் வரேல்லை. "உனக்கு வந்திட்டுது மச்சான்!" எண்டு ஆட்டிறைச்சி வாங்கிச் சமைச்சுச் சாப்பிட்டம். பிரெஞ்சு ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆறாம் நாள் லாச்சப்பலிலை மொழிபெயர்க்கிற அண்ணை ஒருத்தரிட்டைக் கொண்டு போனன். அவர் வாசிச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்தார். "தம்பி, இது நிராகரிச்ச கடிதம். மேன்முறையீட்டுக்கு ஒரு மாசம் தந்திருக்கினம். அதிலை ஆறு நாளைத் திண்டுபோட்டாய்." மேன்முறையீட்டிலை 2010இலை விசா கிடைச்சுது. ஆனாலும் அந்த ஆட்டிறைச்சிக் குழம்பின்ரை மணம் இப்பவும் எனக்குப் பிடிக்காது. கடிதம் வந்தது வேறை, கடிதத்திலை என்ன இருக்கெண்டது வேறை எண்டு படிச்சவன் நான். படிச்சும் என்ன, 200ஐக் கண்ட உடனை திரும்பவும் ஆட்டிறைச்சி சமைச்சிருக்கிறன்.

சரி, ஃபங்ஷனின்ரை நேரத்தை 5 நிமிசமாக் கூட்டினன். சின்னப் பரீட்சையா இரண்டு பேருக்கு அனுப்பிப் பாத்தன், வந்தது. அடுத்த சனிக்கிழமைதான் அந்தச் சனிக்கிழமை.

63 பேருக்கும் அனுப்ப ஒண்டரை நிமிசம் எடுக்குது. ஃபங்ஷனுக்கு 5 நிமிசம் இருக்கிறபடியாலை அதுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா காத்துக்கொண்டு நிக்கிற கிளையன்றுக்கும் தனியா ஒரு மணிக்கூடு இருக்குது. நான் அதை யோசிக்கேல்லை. பொட்டோ3 நாங்கள் ஒண்டும் சொல்லாட்டி 60 செக்கன்தான் பதிலுக்குக் காத்திருக்கும். 60 செக்கனிலை பதில் வரேல்லை எண்டால், அழைப்பு எங்கையோ விழுந்துபோச்சுது எண்டு நினைச்சு, எங்களிட்டை ஒரு சொல்லும் கேக்காமல் திரும்பக் கூப்பிடும். மொத்தம் 5 தரம். அது கெட்ட எண்ணத்திலை செய்யிறதில்லை, இணையத்திலை பாதி அழைப்பு அப்பிடித்தான் விழுறது. ஆனா அங்கை ஃபங்ஷன் விழேல்லை. முதல் அழைப்புக்கு ஓடத் தொடங்கினது ஒண்டரை நிமிசத்திலை 63 மெயிலையும் அனுப்பிப்போட்டு, பதிலைக் கொண்டு வந்து பாத்தால் ஜன்னலிலை ஒருத்தரும் இல்லை. சேர்வர் பெடியன் அதே மேசைக்கு இரண்டாவது துண்டு எழுதிக்கொண்டு நிக்கிறான். குசினியும் திரும்பச் சமைக்குது.

5 நிமிசத்தாலை எனக்கு வந்தது 'பதில் வரேல்லை' எண்ட எரர். நான் என்ன செய்தன்? மெயிலைத் திறந்து பாக்கலாமெண்டு ஒரு நிமிசம் யோசிக்காமல், திரும்பவும் அமத்தினன். அது இரண்டாவது தரம் கூப்பிட்டுக்கொண்டிருக்கேக்கைதான் வாத்தியாரின்ரை போன். பதறி புரோகிராமை நிப்பாட்டினன். நிண்டது என்ரை லப்ரொப்பிலை மட்டும். ஏற்கனவே ஓடத் தொடங்கினது அங்கை ஓடி முடிஞ்சுதான் நிண்டது. ஐஞ்சும் இரண்டும் ஏழு. 63 பேருக்கு ஏழு ஏழாக 441 பற்றுச்சீட்டு.

இரவு ஒரு மணிக்கு அறைக்கு வந்து அடுத்த நாள் விடியும்வரை எல்லாருக்கும் மன்னிப்பு எழுதினன். "காசு ஒருக்காத்தான் வாங்கினது, பற்றுச்சீட்டுத்தான் ஏழு தரம் வந்தது" எண்டு. சிலர் சிரிச்சவை. ஒருத்தர் மட்டும், "இப்பிடித்தான் தொடங்கிறது" எண்டு செயலாளர் அண்ணைக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணை 12 வருசமா ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைச்ச மனிசன். அவர் என்னிலை கோவிக்கேல்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி.

பதில் வராட்டி நடக்கேல்லை எண்டு நினைக்கிற பழக்கம் எங்கையிருந்து வந்ததெண்டு யோசிச்சுப் பாத்தன். 2008 கடைசியிலை அம்மாவுக்கு உண்டியலிலை காசு அனுப்பினனான். இஞ்சை கடையிலை குடுத்தால் அங்கை ஒரு பெடியன் சைக்கிளிலை கொண்டுபோய்க் குடுப்பான். நாலு நாளா அம்மாவிட்டை இருந்து ஒரு தகவலும் இல்லை, பக்கத்து வீட்டுப் போனும் வேலை செய்யேல்லை. காசு விழுந்துபோச்சுது எண்டு நினைச்சு, கடன் வாங்கி வேறை கடையாலை இன்னொருக்கா அனுப்பினன். இரண்டும் போய்ச் சேர்ந்திருக்குது. அம்மா இரண்டாவது காசைத் தொடேல்லை. ஆருடையோ காசு மாறி வந்திட்டுது, தேடி வருவினம் எண்டு இரண்டு மாசம் அரிசி வாளிக்குள்ளை கட்டி வைச்சிருக்கிறா. நான் முதல் கடைக்காரரிட்டைப் போய்க் கத்தினன். அவர் ஆறுதலாச் சொன்னார்: "தம்பி, துண்டிலை நம்பர் தந்தனான்தானே. அந்த நம்பரைச் சொல்லிக் குடுத்தாச்சோ எண்டு கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன். ஒரு நம்பருக்கு நாங்கள் ஒருக்காத்தான் குடுப்பம், நூறு தரம் கேட்டாலும்."

கொம்பியூட்டர் படிச்சவை பெரிய பேர் வைச்சிருக்கிற பாடத்தை உண்டியல்காரர் ஒரு வசனத்திலை சொல்லிப்போட்டார்.

இப்ப எல்லாத்தையும் மாத்தி எழுதியிருக்கிறன். ஒரே அழைப்பிலை 63 பேரை அனுப்பிறதில்லை. ஆளுக்கு ஒரு அழைப்பு, இரண்டாவது விதத்திலை, துண்டைக் குத்திப்போட்டு வாறது. ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் ஒரு நம்பர். ஃபங்ஷன் வேலை தொடங்க முதல் ஒரு அட்டவணையிலை அந்த நம்பர் இருக்கோ எண்டு பாக்கும். இல்லாட்டி 'தொடங்கினது' எண்டு எழுதிப்போட்டு அனுப்பும், அனுப்பின பிறகு 'முடிஞ்சது' எண்டு மாத்தும். ஏற்கனவே முடிஞ்ச நம்பர் வந்தால் பேசாமல் திரும்பியிடும். இந்த விதத்திலை ஃபங்ஷன் பிழைச்சால் லம்டாவே இன்னும் இரண்டு தரம் முயற்சி செய்யும். பிழைக்காட்டியும் சிலவேளை ஒரே துண்டு இரண்டு தரம் வரலாம் எண்டு அவையளே கையேட்டிலை எழுதி வைச்சிருக்கினம். நம்பர் இருக்கிறபடியாலை எனக்குப் பயமில்லை. மூண்டு தரமும் பிழைச்சது ஒரு தனி வரிசையிலை போய் நிக்கும். அந்த வரிசையையும், 'தொடங்கினது' எண்டு எழுதி முடியாமல் கிடக்கிறதையும் நானே கண்ணாலை பாத்துத்தான் முடிவெடுக்கிறன். அனுப்பினதோ இல்லையோ எண்டு மெசினுக்குத் தெரியாத இடத்திலை மனிசன்தான் நிக்கவேணும்.

ஆரேன் இதைச் செய்து பாக்கப் போறியள் எண்டால் ஒரு சின்ன உபகாரம்: பதிலுக்கு நிண்டு காத்திருக்கிற விதத்தைப் பாவிச்சால், கிளையன்றின்ரை காத்திருப்பு நேரத்தை ஃபங்ஷனின்ரை நேரத்தைவிடக் கூடுதலா வையுங்கோ, திரும்பக் கூப்பிடுற எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கோ. 200 வந்தாலும் அந்த 'ஃபங்ஷன் எரர்' வரி இருக்கோ எண்டு பாருங்கோ. உள்ளுக்கு இருக்கிற பதிலை எடுத்து ஒரு இடத்திலை வைச்சுக்கொண்டு வாசியுங்கோ, ஏனெண்டால் ஒருக்கா வாசிச்சால் இரண்டாந்தரம் வெறுமையாத்தான் வரும்.

இன்னொண்டையும் எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க ஏலாது. கம்பஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்து படிச்ச ஒருத்தன் 2006இலை வன்னிக்குப் போனவன். 2009 மாசி வரைக்கும் இடைக்கிடை அவனின்ரை சித்தப்பா வீட்டு நம்பர் மூலம் தகவல் வரும். பிறகு இல்லை. எத்தினையோ தரம் அடிச்சன். இணைப்புக் கிடைக்கேல்லை எண்ட சிங்களக் குரல்தான் வரும். அவன்ரை தாய் இண்டைக்கும், "பதில் வரேல்லை எண்டால் இல்லை எண்டு அர்த்தமோ தம்பி?" எண்டு கேக்கிறா. அவவின்ரை கேள்விக்கு 'நேரம் முடிஞ்சுது' எண்டு எழுதி மூடுறதுக்கு எனக்கு உரிமை இல்லை. அந்தத் துண்டு கம்பியிலை குத்தினபடியே இருக்குது.

போன மாசப் பற்றுச்சீட்டு 63 பேருக்கும் ஒண்டு ஒண்டாகப் போய்ச் சேர்ந்தது. அட்டவணையிலை 63 'முடிஞ்சது'. எண்டாலும் நான் இந்தமுறை ஒருத்தருக்கும் போன் எடுத்துப் பெருமை அடிக்கேல்லை. நாலு மணிக்கு வாத்தியார்தான் எடுத்தார்.

"தம்பி, வந்தது. நம்பர் சொல்லுறன், எழுது."

அட்டவணையிலை இருக்குது வாத்தியார், தேவையில்லை எண்டு சொல்ல வாயெடுத்தன். பிறகு பேனையை எடுத்து, ஒரு ஓடர்த் துண்டின்ரை பின்பக்கத்திலை அவர் சொன்ன நம்பரை எழுதினன்.